ஸ்நாப்ஷாட் பேக்கப் ஆகுமா? ஒரு தேங்காய் மண்டிக் கணக்கு

கூமாப்பட்டியில் எங்க மாமா ஒருத்தர் தேங்காய் மண்டி வச்சிருக்கார். பிளவக்கல் அணைத் தண்ணி பாயுற பக்கம், தென்னைக்கும் நெல்லுக்கும் குறைவில்லை. தோப்புக்காரங்க காய் கொண்டு வந்து இறக்குவாங்க. எண்ணிக்கை, கழிவு, விலை, கமிஷன், ஏற்கெனவே வாங்கின முன்பணம், மீதி பாக்கி. இதுக்கெல்லாம் ஒரு சின்ன பில்லிங் சாஃப்ட்வேரை நான்தான் எழுதிக் கொடுத்தேன். அடியில் ஓடுறது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். "தினமும் ராத்திரி பதினோரு மணிக்கு அதுவே ஸ்நாப்ஷாட் எடுத்துக்கும் மாமா, கவலைப்படாதீங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டும் வந்தேன்.

2023 கோடையில் ஒரு நாள் கரண்ட் வந்து வந்து போச்சு. நாலாவது தடவை வந்தப்போ கம்ப்யூட்டர் உயிரோட இருந்துச்சு, எஸ்எஸ்டி இல்லை. டிஸ்க்கே இல்லைங்குற மாதிரி மெஷின் முழிக்குது.

"என்ன மாப்ளே, தினமும் போட்டோ புடிச்சு வைக்கிதுன்னு சொன்னீல்ல?"

"புடிச்சுச்சு மாமா. அந்த போட்டோவும் இதே டிஸ்க்குலதான் இருந்துச்சு."

அதுக்கு அவர் ஒண்ணும் சொல்லலை. அதுதான் கஷ்டமா இருந்தது.

ஒரு ரிப்போர்ட்டுக்காக 19 நாள் முன்னாடி டேட்டாபேஸை என் லேப்டாப்புக்கு டம்ப் எடுத்திருந்தேன். தற்செயலா எடுத்தது. அதுதான் மிச்சம். நடுவில் இருந்த 19 நாள் கணக்கை, கார்பன் வச்சு எழுதின சிட்டைப் புத்தகங்களைப் பார்த்து, மாமாவும் மண்டிக் கணக்கப்பிள்ளையும் நானும் ரெண்டு ராத்திரி உட்கார்ந்து மறுபடி ஏத்தினோம். ஒரு நாள் சிட்டைப் புத்தகம் மட்டும் கிடைக்கவே இல்லை. அன்னைக்குக் காய் இறக்கினவங்களைக் கூப்பிட்டு, அவங்க சொன்ன எண்ணிக்கையை வச்சு மாமா கணக்குப் போட்டார்.

"யாரும் கூட்டிச் சொல்லலை மாப்ளே" என்றார். எனக்கு அது ஆறுதலா இல்லை. இருபது வருஷமா சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன் எழுதின சிஸ்டம், கடைசியில் நாலு விவசாயிகளோட ஞாபகத்தையும் நேர்மையையும் நம்பி நின்னது.

அதுக்குப் பிறகு இந்த விஷயத்தை ஒழுங்கா உட்கார்ந்து படிச்சேன். ஆபீஸில் பெரிய டேட்டாபேஸ்களோடு புழங்கினாலும் ஸ்நாப்ஷாட் என்ற சொல்லுக்குள்ளே என்ன நடக்குது என்று முழுசா யோசிச்சது அப்போதுதான். அந்தக் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

பெயரே ஏமாத்துது

ஸ்நாப்ஷாட் என்றதும் நமக்கு போட்டோ ஞாபகம் வருது. ஆளை போட்டோ எடுத்தால் ஆள் வேறு, போட்டோ வேறு. ஆள் ஊருக்குப் போனாலும் போட்டோ வீட்டுச் சுவரில் தொங்கும். டிஸ்க் ஸ்நாப்ஷாட் அப்படிப்பட்ட பொருளே கிடையாது.

100 ஜிபி இருக்கிற ஒரு வால்யூமுக்கு ஸ்நாப்ஷாட் எடுக்க ஒரு நொடிகூட ஆகாது. ஒரு நொடியில் 100 ஜிபியை யாராலும் காப்பி அடிக்க முடியாது. அப்படியென்றால் அங்கே காப்பி எதுவும் நடக்கவில்லை என்றுதானே அர்த்தம்? சிஸ்டம் அந்த நொடியில் ஒரு வாக்குறுதி மட்டும் கொடுக்கிறது: "இந்த நிமிஷம் இருக்கிற பக்கங்களை இனிமேல் அழிக்க மாட்டேன்." அவ்வளவுதான். அந்த வாக்கை எப்படிக் காப்பாற்றுகிறது என்பதில் ரெண்டு வழி இருக்கு.

முதல் வழி காப்பி-ஆன்-ரைட். லினக்ஸில் எல்விஎம் பழைய பாணியில் செய்வது இதைத்தான். ஸ்நாப்ஷாட்டுக்கென்று ஒரு தனி இடம் ஒதுக்கி வைப்போம். மூல வால்யூமில் ஒரு பிளாக்கை மாற்ற வேண்டி வந்தால், முதலில் பழைய பிளாக்கை அந்தத் தனி இடத்துக்கு எடுத்துப் போட்டுவிட்டு, அப்புறம்தான் புதுசை எழுதும். ஒரு எழுத்து வேலை, ஒரு வாசிப்பும் ரெண்டு எழுத்துமாக மாறிவிடுகிறது. அதனால்தான் எல்விஎம் ஸ்நாப்ஷாட் உயிரோடு இருக்கும்வரை டேட்டாபேஸ் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

இதில் ஒரு பொறி இருக்கு. ஒதுக்கின இடம் நிரம்பிவிட்டால் ஸ்நாப்ஷாட் செல்லாததாகிவிடும். 100 ஜிபி வால்யூமுக்கு 10 ஜிபி ஒதுக்கியிருக்கோம் என்று வையுங்க. சாதாரண நாளில் 2 ஜிபிதான் மாறும், பிரச்சினை இல்லை. ஒருநாள் யாராவது ஒரு பெரிய இண்டெக்ஸை மறுபடி கட்டினால், அரை மணி நேரத்தில் 10 ஜிபி மாறிவிடும், ஸ்நாப்ஷாட் காலி. எல்விஎம்முக்கு ஃபைல் சிஸ்டம் பற்றி எதுவும் தெரியாது என்பதால், காலியாகக் கிடந்த இடத்தில் புதுசா எழுதினாலும் அந்தப் பழைய "காலி"யையும் பத்திரமா எடுத்து வைக்கும். எதிர்பார்த்ததைவிட வேகமா நிரம்புவதற்கு இது ஒரு காரணம்.

ரெண்டாவது வழியில் பழைய பிளாக்கைத் தொடுவதே இல்லை. புதுசை வேறு இடத்தில் எழுதிவிட்டு, "இனி இங்கே பாரு" என்று சுட்டியை மட்டும் மாற்றும். இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் ரெண்டும் இயல்பாகவே இப்படித்தான் எழுதுகின்றன, ஸ்நாப்ஷாட் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதனால் ஸ்நாப்ஷாட் எடுப்பதால் தனியாகச் சுமை ஏறுவதில்லை, நூறு எடுத்தாலும் வேகம் பெரிசா குறையாது. பழைய பக்கங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும் என்பதுதான் விலை. பழசை அழிக்க மறந்தால் ஒருநாள் டிஸ்க் நிரம்பும்.

எந்த வழியானாலும் ஒண்ணு பொதுவானது. மாறாத பக்கங்கள் மூலத்துக்கும் ஸ்நாப்ஷாட்டுக்கும் ஒரே பக்கங்கள்தான். டிஸ்க் போனால் ரெண்டும் சேர்ந்தே போகும். மாமா மண்டியில் நடந்தது அதுதான். ஒரு பேரேட்டுக்குள்ளேயே "நேற்றைய பக்கத்தைக் கிழிக்கவில்லை" என்று எழுதி வைத்தால், பேரேடு எரிஞ்ச அன்னைக்கு அந்த வரியும் சேர்ந்துதான் எரியும்.

கரண்ட் போன மாதிரி ஒரு படம்

அடுத்த கேள்வி, எடுத்த படம் தெளிவா இருக்குமா?

டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் காப்பி அடிக்கிற பழக்கம் நம்ம ஊர்க் கடைகளில் சகஜம். காப்பி பத்து நிமிஷம் ஓடுகிறது என்று வையுங்க. முதல் ஃபைல் 9:00 மணிக் கணக்கு, கடைசி ஃபைல் 9:10 மணிக் கணக்கு. நடுவில் 9:05-க்கு ஒரு பில் போட்டிருந்தால் பில் இருக்கும், பாக்கியில் கழிந்திருக்காது. இல்லை, பாக்கியில் கழிந்திருக்கும், பில் இருக்காது. போஸ்ட்கிரெஸ் 8 கேபி பக்கமாகவும், மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி 16 கேபி பக்கமாகவும் எழுதும். ஒரே பக்கத்தின் பாதி பழசு, பாதி புதுசு என்றுகூட அகப்படலாம். இந்தக் காப்பியில் பல நாள் ஒண்ணும் தெரியாது. தேவைப்படுற நாளில்தான் தெரியும்.

ஸ்நாப்ஷாட்டின் உண்மையான பலம் இங்கேதான். மொத்த வால்யூமையும் ஒரே கணத்தில் நிறுத்திக் காட்டுகிறது. அந்த கணத்தில் டேட்டாபேஸ் பாதி வேலையில் இருந்திருக்குமே என்று கேட்கலாம். இருந்திருக்கும். அந்தப் படம் சரியா அந்த நொடியில் கரண்ட் போயிருந்தால் டிஸ்க்கில் என்ன இருந்திருக்குமோ அதுதான். கரண்ட் போவதைச் சமாளிக்கத்தான் டேட்டாபேஸ்கள் கட்டப்பட்டிருக்கின்றன.

எப்படி என்பதற்கு நம்ம கணக்குப்பிள்ளைகள் முறையே போதும். காய் இறங்கினதும் முதலில் சிட்டையில் ஒரு வரி விழும். அப்புறம் சாவகாசமாகப் பேரேட்டில் அந்தத் தோப்புக்காரர் பெயருக்குக் கீழே ஏத்துவார்கள். பாதி ஏத்தும்போது யாராவது கூப்பிட்டு எழுந்து போனாலும் கவலை இல்லை. சிட்டையைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். போஸ்ட்கிரெஸ்ஸில் அந்தச் சிட்டைக்குப் பெயர் ரைட்-அஹெட் லாக், சுருக்கமா வால். எந்த மாற்றமும் முதலில் லாக்கில் எழுதப்பட்டு டிஸ்க்கில் உறுதியான பிறகுதான் "கமிட் ஆச்சு" என்று பதில் வரும். டேபிள் ஃபைல்களில் அது பின்னால் ஏறும். கரண்ட் போய் வந்தால், லாக்கைப் படித்து மிச்சத்தை ஏற்றிக்கொண்டு எழுந்திரிக்கும்.

அதனால் ஸ்நாப்ஷாட்டுக்கு ஒரு கண்டிஷன் இருக்கு. பேரேடும் சிட்டையும் ஒரே கணத்துப் படத்தில் இருக்கணும். வேகத்துக்காக டேட்டாவை ஒரு டிஸ்க்கிலும் லாக்கை இன்னொரு டிஸ்க்கிலும் வைத்திருப்பவர்கள், ரெண்டுக்கும் தனித்தனியா, ரெண்டு நொடி இடைவெளியில் ஸ்நாப்ஷாட் எடுத்தால் அந்தப் படத்தை நம்ப முடியாது. அமேசானின் இபிஎஸ்ஸில், ஒரு சர்வரோடு சேர்ந்த பல வால்யூம்களை ஒரே கணத்தில் எடுக்கும் வசதி 2019-ல்தான் வந்தது. அப்படி ஒரே கணத்தில் எடுக்க முடியாத இடத்தில், போஸ்ட்கிரெஸ்ஸிடம் "பேக்கப் தொடங்குறேன்" என்று சொல்லி, எடுத்து முடித்து, "முடிச்சாச்சு" என்று சொல்லி, நடுவில் ஓடின லாக்கையும் சேர்த்து வைக்கணும். மைஎஸ்கியூஎல்லில் இன்னோடிபி டேபிள்கள் இதே போலத் தாமே எழுந்துகொள்ளும். பழைய மைஐசாம் டேபிள்கள் எழாது. அவற்றுக்கு எழுதுவதைப் பூட்டிவிட்டுத்தான் படம் எடுக்கணும்.

எந்த முறை எதுக்கு

ஒவ்வொண்ணா பார்ப்போம்.

*டம்ப்.* போஸ்ட்கிரெஸ்ஸில் பிஜி டம்ப், மைஎஸ்கியூஎல்லில் மைஎஸ்கியூஎல் டம்ப். டேட்டாபேஸிடமே கேட்டு எல்லா வரிகளையும் வெளியே எழுதி வாங்குவது. இதுவும் உள்ளுக்குள் ஒரு ஸ்நாப்ஷாட்தான்: டம்ப் தொடங்கின கணத்தில் இருந்த நிலையை மட்டுமே கடைசிவரை பார்க்கும், நடுவில் வரும் பில்கள் அதன் கண்ணில் படாது. மைஎஸ்கியூஎல்லில் இதுக்கு "ஒரே டிரான்ஸாக்‌ஷன்" என்ற ஆப்ஷனைச் சேர்த்துக் கொடுக்கணும். டம்பை வேறு மெஷினில், பெரும்பாலும் புதிய வெர்ஷனிலும் ஏத்தலாம். குறை என்னவென்றால் பெரிய டேட்டாபேஸில் நேரம் தின்னும். திரும்ப ஏத்தும்போது எல்லா இண்டெக்ஸையும் புதுசா கட்டணும் என்பதால் எடுத்ததைவிட மீட்பது மெதுவா நடக்கும்.

*எல்விஎம் ஸ்நாப்ஷாட்.* சில நிமிஷமோ சில மணி நேரமோ மட்டும் வைத்திருந்து, அதிலிருந்து நிதானமா வெளியே காப்பி எடுத்துவிட்டு அழித்துவிட நல்ல கருவி. நாள் கணக்கில் வைத்திருக்க ஏத்ததில்லை. நான் மூணு நாள் வைத்திருந்தேன், வெளியே காப்பி எடுக்கும் வேலையைச் செய்யவே இல்லை. ரெண்டு தப்பு.

*இசட்எஃப்எஸ்.* பதினைந்து நிமிஷத்துக்கு ஒண்ணு என்றுகூட எடுத்து வைக்கலாம். இதில் எனக்குப் பிடித்த விஷயம் சென்ட் வசதி. ரெண்டு ஸ்நாப்ஷாட்டுகளுக்கு நடுவில் மாறினதை மட்டும் இன்னொரு மெஷினுக்கு அனுப்பும். போய்ச் சேர்ந்த பிறகு அது உண்மையான காப்பி. அனுப்பும்வரை வாக்குறுதி, அனுப்பினபின் பேக்கப்.

*கிளவுட் ஸ்நாப்ஷாட்.* இபிஎஸ் ஸ்நாப்ஷாட் டிஸ்க்கை விட்டு வெளியே, எஸ்3 கிடங்கில் போய் உட்காரும். அதனால் டிஸ்க் செத்தாலும் பிழைக்கும். முதல் தடவை முழுசு, அப்புறம் மாறினது மட்டும். மீட்கும்போது ஒரு சங்கதி: புது வால்யூம் உடனே வந்துவிடும், ஆனால் பிளாக்குகள் முதல் தடவை கேட்கப்படும்போதுதான் கிடங்கிலிருந்து இழுக்கப்படும். "ரெண்டு நிமிஷத்தில் மீட்டாச்சு" என்று சொல்லிவிட்டு, முதல் சில மணி நேரம் ஒவ்வொரு கேள்விக்கும் டேட்டாபேஸ் தவழ்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது இதனால்தான். இன்னொண்ணு, டேட்டாபேஸை அழிக்க முடிகிற அதே அக்கவுண்ட் பாஸ்வேர்டால் இந்த ஸ்நாப்ஷாட்டையும் அழிக்க முடியும்.

*விஎம் ஸ்நாப்ஷாட்.* அப்டேட் போடுவதற்கு முன் எடுத்து, சரியா வந்ததும் அழிக்க வேண்டியது. ஒரு ஸ்நாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்றுதான் விஎம்வேர் சொல்கிறது. மாதக்கணக்கில் விட்டு வைத்து மெஷினை மெதுவாக்கின இடங்களை நான் பார்த்திருக்கேன்.

*அடிப்படைக் காப்பியும் தொடர் லாக்கும்.* ஒரு முழுக் காப்பி, அதுக்குப் பிறகு வரும் வால் ஃபைல்கள் எல்லாவற்றையும் ஒண்ணுவிடாமல் வேறு இடத்துக்கு அனுப்பிக்கொண்டே இருப்பது. மீட்கும்போது "நேற்று 11:42 வரை மட்டும் ஏத்து" என்று நிறுத்திக்கொள்ளலாம். 11:43-க்கு ஒருத்தர் நிபந்தனை போட மறந்து டெலீட் அடித்திருந்தால், இந்த ஒரு முறைதான் 11:42-க்குக் கொண்டுபோய் விடும். மணிக்கொரு ஸ்நாப்ஷாட் 11:00-க்குத்தான் கொண்டுபோகும். முழுக் காப்பியை ஸ்நாப்ஷாட் மூலமும் எடுக்கலாம். போஸ்ட்கிரெஸ் 17-லிருந்து (2024) மாறின பகுதியை மட்டும் எடுக்கும் வசதி டேட்டாபேஸுடனேயே வருகிறது. அமைப்பது கொஞ்சம் வேலை. நடுவில் ஒரு லாக் ஃபைல் காணாமல் போனால் அதோடு சங்கிலி அறுந்துவிடும், கண்காணிப்பு வேணும்.

இந்த வரிசையில் ரெப்ளிகாவைச் சேர்க்கவில்லை. இன்னொரு சர்வரில் உடனுக்குடன் நகல் ஓடுவது, மெஷின் செத்தால் உடனே மாறிக்கொள்ள உதவும். ஆனால் தப்பா அடித்த டெலீட்டும் ஒரு நொடியில் அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

அஞ்சு பேக்கப், ஒண்ணும் இல்லை

இது என்னைப் போன்ற தனி ஆளுக்கு மட்டும் நடக்கிற கூத்து என்று நினைக்க வேண்டாம். 2017 ஜனவரி 31 ராத்திரி கிட்லேப் டாட் காம் தளத்தில் நடந்ததை அவர்களே முழுசா எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டிய கதை.

ரெப்ளிகா சர்வர் பின்தங்கிவிட்டது. அதைப் புதுசா தொடங்க, ரெப்ளிகாவில் இருந்த டேட்டா ஃபோல்டரை அழிக்கணும். ராத்திரி நேரம், களைப்பு. என்ஜினியர் கட்டளையை அடித்தது முதன்மை சர்வரில். ஒண்ணு ரெண்டு நொடியில் உறைத்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் மிச்சம் இருந்தது 4.5 ஜிபி.

சரி, பேக்கப்பைத் தேடினார்கள். தினமும் டம்ப் எடுத்து எஸ்3-க்கு அனுப்புவதாக ஏற்பாடு. போய்ப் பார்த்தால் அங்கே ஒண்ணுமே இல்லை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுத்த புரோகிராம் 9.2. வெர்ஷன் பொருந்தாமல் ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்கள் கையொப்பச் சிக்கலால் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் வந்து சேரவில்லை. அஸூர் டிஸ்க் ஸ்நாப்ஷாட் வசதி, டேட்டாபேஸ் சர்வர்களுக்குப் போடப்படவே இல்லை. ரெப்ளிகா ஏற்கெனவே காலி.

காப்பாற்றியது ஒரு எல்விஎம் ஸ்நாப்ஷாட். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சோதனை சர்வருக்காக எடுப்பது வழக்கம். அன்னைக்கு வேறு ஒரு வேலைக்காக, விபத்துக்குச் சுமார் ஆறு மணி நேரம் முன்னால் ஒருத்தர் கையால் ஒண்ணு எடுத்திருந்தார். அது சோதனை சர்வருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கிருந்து திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த டிஸ்க் மெதுவானது என்பதால் கொண்டுவரவே ஏறக்குறைய 18 மணி நேரம் ஆச்சு. ஆறு மணி நேரத்து வேலை போனது போனதுதான்: குறைந்தது 5,000 புராஜெக்டுகள், 5,000 கமெண்டுகள், சுமார் 700 பயனர் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள்.

என் லேப்டாப்பில் தற்செயலா இருந்த டம்பும், அவர்கள் தற்செயலா எடுத்த ஸ்நாப்ஷாட்டும் ஒரே ஜாதி. ரெண்டும் பிழைச்சதுக்குக் காரணமும் ஒண்ணே: அவை மூல மெஷினை விட்டு வெளியே போயிருந்தன.

கைக்கு எட்டாத ஒண்ணு

நம்ம நாட்டுக்கு வருவோம். 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸில் இ-ஹாஸ்பிட்டல் சிஸ்டம் ரேன்சம்வேரால் நின்றது. நோயாளிப் பதிவு, அட்மிஷன், டிஸ்சார்ஜ் எல்லாம் கையால் எழுத வேண்டி வந்தது. அஞ்சு சர்வர்கள் பாதிக்கப்பட்டன, ஏறக்குறைய 1.3 டிபி டேட்டா பூட்டப்பட்டது என்று நாடாளுமன்றத்தில் அரசு பதில் சொன்னது. அதே பதிலில்தான் முக்கியமான வரியும் இருக்கு: பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து இ-ஹாஸ்பிட்டல் டேட்டா முழுவதும் மீட்கப்பட்டுப் புதிய சர்வர்களில் ஏற்றப்பட்டது. பெரும்பாலான சேவைகள் திரும்ப ரெண்டு வாரம் ஆச்சு, ஆனால் பதிவுகள் அழியவில்லை.

டிஸ்க் சாவதும் கைதவறி அழிப்பதும் குருட்டு விபத்துகள். ரேன்சம்வேர் அப்படியில்லை, தேடி அழிக்கும். விண்டோஸில் ஷேடோ காப்பி என்ற ஸ்நாப்ஷாட் வசதி இருக்கு. ரேன்சம்வேர் பலவும் முதல் வேலையாக அதைத்தான் துடைக்கின்றன. சர்வருக்குள் அட்மினாக நுழைந்தவனுக்கு, அந்த சர்வரால் தொட முடிகிற எல்லா ஸ்நாப்ஷாட்டும் ஒண்ணுதான். அதனால் ஒரு காப்பியாவது அந்த சர்வரின் பாஸ்வேர்டுக்கு எட்டாத இடத்தில் இருக்கணும்.

தூரமும் வேணும். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஹெச் டேட்டா சென்டர் தீப்பிடித்து ஒரு கட்டடம் முழுசா எரிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் ரெண்டையும் சேர்த்து இழந்தார்கள்.

அப்போ எப்படித் தேர்ந்தெடுப்பது?

கருவியிலிருந்து தொடங்கினால் குழப்பம்தான். நான் அப்படித்தான் தொடங்கினேன், எல்விஎம் கையில் இருந்தது, போட்டுவிட்டேன். மீட்கிற நாளிலிருந்து பின்னோக்கி வரணும். முதலில் ரெண்டு கேள்வி.

எவ்வளவு நேரத்துக் கணக்கை இழந்தால் தாங்கும்? துறையில் இதை ஆர்பிஓ என்பார்கள். தினம் ஒரு பேக்கப் என்றால், மோசமான நாளில் 24 மணி நேரத்துக் கணக்கு போகும் என்று ஒத்துக்கொள்கிறோம்.

எவ்வளவு நேரம் கடை மூடிக்கிடந்தால் தாங்கும்? இது ஆர்டிஓ. இங்கே கணக்குப் போட்டுப் பார்க்கணும். 2 டிபி டேட்டாவை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் இழுத்தால் ஐந்தரை மணி நேரம். அதுக்குப் பிறகுதான் லாக் ஏற்றுவது. ஆபீஸில் பலரும் இந்தப் பெருக்கல் கணக்கைப் போட்டுப் பார்க்காமலே "ஒரு மணி நேரத்தில் மீட்போம்" என்று எழுதிக் கொடுக்கிறார்கள்.

அப்புறம் நாலு விபத்துகளை வரிசையா வைத்து, ஒவ்வொண்ணுக்கும் எது காப்பாற்றும் என்று விரல் விட்டு எண்ணணும். கைதவறி அழித்தால் அடிக்கடி எடுத்த ஸ்நாப்ஷாட்டோ, இன்னும் நல்லதா தொடர் லாக்கோ காப்பாற்றும். டிஸ்க் செத்தால் வேறு டிஸ்க்கில் இருக்கிற காப்பி. இடமே எரிந்தாலோ திருட்டுப் போனாலோ வேறு ஊரில் இருக்கிற காப்பி. உள்ளே புகுந்தவன் அழித்தால், அவன் கைக்கு எட்டாத காப்பி. அதே டிஸ்க்கில் இருக்கிற ஸ்நாப்ஷாட் இந்த நாலில் ஒண்ணுக்குத்தான் மருந்து. அந்த ஒண்ணுக்கு அருமையான மருந்து, அதில் சந்தேகமில்லை. நொடியில் எடுக்கலாம், நொடியில் திரும்பலாம்.

டேட்டா சின்னதா இருந்தால் டம்ப் போதும், ஸ்நாப்ஷாட் பக்கமே போக வேண்டாம். டேட்டா பெரிசாகி, டம்ப் எடுக்கவே பல மணி நேரம் ஆகிறது என்ற நிலை வரும்போதுதான் ஸ்நாப்ஷாட் தேவைப்படுகிறது. அப்போதும் அது மூலக் காப்பியைக் குழப்பமில்லாமல் எடுக்க உதவும் முதல் படி. அதை வெளியே அனுப்புவது ரெண்டாவது படி. லாக்கைச் சேர்த்து வைப்பது மூணாவது.

மாமா மண்டி டேட்டாபேஸ் மொத்தமே 400 எம்பிக்குள். அதுக்குப் போய் எல்விஎம் ஸ்நாப்ஷாட் என்று நான் வித்தை காட்டியிருக்கேன்! இப்போ அங்கே இருக்கிற ஏற்பாடு ரொம்ப சாதாரணம். மணிக்கு ஒருமுறை டம்ப். எடுத்ததும் மாமா வீட்டில் இருக்கிற ஒரு பழைய மெஷின் வந்து அதை இழுத்துக்கொண்டு போகும். மண்டிக் கம்ப்யூட்டருக்கு அந்த மெஷினின் பாஸ்வேர்டு தெரியாது, அதனால் மண்டியில் வைரஸ் புகுந்தாலும் வீட்டுக் காப்பியைத் தொட முடியாது. ராத்திரி ஒருமுறை பூட்டுப் போட்டு கிளவுடுக்கு ஒரு காப்பி. டம்ப் தோற்றால் மட்டுமல்ல, ஜெயித்தாலும் எனக்கு ஒரு மெசேஜ் வரும். ஒரு நாள் மெசேஜ் வரவில்லையென்றால் கூப்பிட்டுக் கேட்பேன். தோல்வியை மட்டும் சொல்லச் சொன்னால், சொல்கிற வாயே அடைபட்டால் என்ன ஆகும் என்பதை கிட்லேப் கதை சொல்லிவிட்டதே. கார்பன் சிட்டைப் புத்தகத்தை நிறுத்த வேண்டாம் என்று மாமாவிடம் நானே சொன்னேன். ஒரு மணி நேர இடைவெளியை அது அடைத்துவிடும்.

கடைசியா ஒண்ணு, இதைச் செய்யாவிட்டால் மேலே சொன்ன எதுவும் கணக்கில் சேராது. மாசத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, ஒரு பழைய லேப்டாப்பில் அன்னைக்குக் காலை டம்பை ஏத்திப் பார்க்கணும். ஏறிச்சா, கடைசி பில் நம்பர் மண்டிக் கம்ப்யூட்டரோடு பொருந்துதா, நாலு தோப்புக்காரங்க பாக்கி சிட்டையோடு ஒத்துப்போகுதா, மொத்தம் எவ்வளவு நேரம் ஆச்சு. இந்த நாலையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம். முதல் தடவை ஏறவே இல்லை. லேப்டாப்பில் போஸ்ட்கிரெஸ் பழைய வெர்ஷன். அது ஞாயிற்றுக்கிழமையில் தெரிந்தது நல்லதாப் போச்சு.

போன மாசம் நான் ஊரில் இல்லை. கணக்கப்பிள்ளையே நோட்டில் எழுதி வைத்த வழியைப் பார்த்து ஏத்திவிட்டு போன் பண்ணினார். "சார், 25 நிமிஷம் ஆச்சு. பில் நம்பர் சரியா இருக்கு. பாக்கி பார்த்ததுல ஒருத்தர் கணக்கு மட்டும் 40 ரூபா இடிக்குது."

பதறிப் போய்ப் பார்த்தேன். பேக்கப் சரியாத்தான் இருந்தது. சிட்டையில் அவர் கூட்டினதுதான் தப்பு.